ஷெட்டில் ஃபார்முலா மாருதி, வாசலில் ஆம்னி: எதை வைத்துக்கொள்வது?

கொசப்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதத்துக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இங்கே வண்டி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

எங்க நைனா வேலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தார். முட்டி வலி தாங்காமல் போன வருஷம் மூடிவிட்டோம். சாமானெல்லாம் வீட்டு ஷெட்டுக்கு வந்தது, கூடவே இரண்டு வண்டிகளும்.

ஒன்று 1996 மாடல் ஆம்னி. வெள்ளை, டிஎன் 23 நம்பர், ஐந்து சீட். நான் பள்ளிக்கூடம் போனது அதில். அக்கா கல்யாணத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரம் ஏற்றியதும் அதில்தான். இன்றைக்கும் முதல் செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது.

இன்னொன்று ஃபார்முலா மாருதி, ஒரே ஒருவர் உட்காரும் ரேஸ் கார். சென்னையில் ஒருவர் ரேஸ் ஓட்டுவதை விட்டபோது நைனா வாங்கி வந்தார். குழாய்ச் சட்டம், ஃபைபர் பாடி, நாலு சக்கரம், பின்னால் மாருதி 800 காரின் கியர்பாக்ஸ், அவ்வளவுதான். இன்ஜின் கிடையாது. பதினெட்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது.

ஷெட்டில் ஒன்றுக்குத்தான் இடம். இப்போது ஆம்னி வெயிலில் நிற்கிறது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், கூரையில் பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது. ஆர்சி புதுப்பிக்கும் தேதியும் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் ஆம்னியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஏழு சீட் வண்டி எடுக்கலாம் என்கிறார். என் நண்பன் ஒருவன், ஆம்னி இன்ஜினைக் கழற்றி ரேஸ் காரில் மாட்டிவிட்டு மிச்சத்தை இரும்புக் கடைக்குப் போடு, இரண்டும் ஒரே மாருதி இன்ஜின்தானே என்கிறான். நைனா எதுவும் சொல்வதில்லை. சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறார்.

உங்கள் வண்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?


ஆரணி ரோடு | ஞாயிறு, இரவு 10.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ரேஸ் காரை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்னி 1984-லிருந்து 2019 வரை வந்த வண்டி, இன்னும் பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். ஃபார்முலா மாருதி அப்படியா? கோவைக் கரிவர்தன் 1980-களின் கடைசியில் அதைக் கட்டிக் கொடுத்ததால்தான் நம் ஊர்ப் பையன்கள் ஒற்றை இருக்கை ரேஸ் காரில் உட்கார முடிந்தது. அதற்கு முன்னால் அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். அந்த வரிசையில் வந்த வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கிறது. இரும்புக் கடை என்ற பேச்சே வரக்கூடாது.


பாலாற்றங்கரை | திங்கள், காலை 6.50

இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய ரேஸ் கார் என்றாலே எனக்கு 1924-ல் வந்த புகாட்டி டைப் 35 தான். கண்டிப்பாகப் பார்த்தால் 'விண்டேஜ்' என்ற சொல்லை 1919 முதல் 1930 வரையிலான கார்களுக்குத்தான் சொல்வார்கள், அதனால் உங்கள் ஃபார்முலா மாருதிக்கு அது பொருந்தாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதைச் சொல்ல வேண்டும்.

அந்த புகாட்டியின் எடை சுமார் 750 கிலோ. ஆம்னியின் எடையும் ஏறக்குறைய 800 கிலோதான். அந்தக் காலத்தில் உலகத்தையே ஜெயித்துக் காட்டிய பந்தயக் காரும், நாம் அரிசி மூட்டை ஏற்றிய வேனும் தராசில் கிட்டத்தட்ட ஒன்று. புகாட்டிக்கு 2 லிட்டர், வரிசையாக 8 சிலிண்டர், சுமார் 90 குதிரைத்திறன். ஆம்னிக்கு 796 சிசி, 3 சிலிண்டர், 35 குதிரைத்திறன். 100 கிலோவுக்கு புகாட்டியில் 12 குதிரை என்றால் ஆம்னியில் நாலரை.

இப்போது உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொல்லும் ஏழு சீட் வண்டியைப் பாருங்கள். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசலுக்கு 150 குதிரைத்திறன், எடை 1,800 கிலோவுக்கு மேல். 100 கிலோவுக்கு 8 வருகிறது. குடும்பமே உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டு போகிற வண்டி, இழுவையில் அந்தப் பந்தயப் புகாட்டிக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

பிரேக்கில் கதை தலைகீழ். டைப் 35-ல் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதுவும் கேபிள் இழுத்து வேலை செய்வது. நம் சைக்கிள் பின் பிரேக் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கால் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் பிரேக். அந்தச் சக்கரத்தை அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள், பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு ஒரே வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கையோடு வந்துவிடும், லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று அங்கேயே பார்க்கலாம். படத்தில் பார்த்தாலே அந்த எட்டுப் பட்டை ஆரங்கள் கண்ணை விட்டுப் போகாது.

1929-ல் மொனாக்கோவில் முதல் கிராண்ட் பிரி நடந்தபோது ஜெயித்தது இந்த வரிசையில் வந்த 35பி. ஊர்த் தெருக்களில் 100 சுற்று, 318 கிலோமீட்டர், ஓட்டி முடிக்க நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பெங்களூர் ரோட்டில் உங்கள் ஆம்னியே 80-ல் போகும். ஆனால் கேபிள் பிரேக்கை வைத்துக்கொண்டு, சீட் பெல்ட் இல்லாமல், வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, நாலு மணி நேரம் அந்தச் சராசரியை விடாமல் பிடித்த கையையும் காலையும் யோசித்துப் பாருங்கள். அதனால்தான் எண்களை மட்டும் வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்கிறேன்.


குடியாத்தம் டீச்சர் | திங்கள், மாலை 5.30

எனக்கு ரேஸ் பற்றித் தெரியாது, ஆம்னி பற்றித் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்ததும் ஐந்து சீட் ஆம்னிதான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ராத்திரி பதினொன்றரை மணி, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பின் சீட்டை மடித்துவிட்டு, கட்டிலிலிருந்த மெத்தையை அப்படியே தரையில் விரித்தோம். பக்கத்துக் கதவை முழுசாகத் தள்ளித் திறந்து, நாலு பேர் போர்வையின் நாலு முனையைப் பிடித்து அம்மாவை உள்ளே வைத்தோம். உடம்பை மடக்கவோ திருப்பவோ வேண்டியிருக்கவில்லை. குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை நான் தரையில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேறு எந்தக் காரிலும் அன்றைக்கு அம்மாவை அப்படிக் கொண்டுபோயிருக்க முடியாது.

பிறகு அதை விற்றுவிட்டோம். விற்றபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ரோட்டில் வெள்ளை ஆம்னி போனால் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன். அரிதான பொருளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரணி ரோடு சார் சொல்வது சரிதான். ஆனால் ஆம்னியும் அரிதாகிக்கொண்டுதான் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஆறு நின்றது, இன்று ஒன்றுகூட இல்லை.


சத்துவாச்சாரி ஸ்பேனர் | திங்கள், இரவு 8.05

இன்ஜின் மாற்றும் யோசனையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதைச் செய்து கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறீர்கள்.

நண்பர் சொன்னது பாதி உண்மை. ஆம்னி, பழைய 800 இரண்டுக்கும் அடிப்படை ஒரே எஃப்8பி இன்ஜின். போர் (சிலிண்டர் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ., மூன்று சிலிண்டர், 796 சிசி. ஆனால் உட்கார்ந்திருக்கும் விதம் வேறு. 800-ல் இன்ஜின் குறுக்குவாட்டில், கியர்பாக்ஸ் பக்கத்தில், முன் சக்கரம் இழுக்கும். ஆம்னியில் இன்ஜின் நீளவாக்கில் முன் சீட்டுக்கு அடியில், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போய்ப் பின் சக்கரத்தைத் தள்ளும். உங்கள் ரேஸ் காரில் இருப்பது 800-ன் கியர்பாக்ஸ் என்கிறீர்கள். அப்படியானால் ஆம்னி இன்ஜினைக் கொண்டுபோய் வைத்தால் மவுன்ட்டிலிருந்து மானிஃபோல்டு வரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஓடுகிற வண்டி ஒன்று போயிருக்கும், ஓடாத வண்டி ஒன்று பாதியில் நிற்கும்.

பழைய 800 இன்ஜின் ஒன்று தேடினால் கிடைக்கும். நிதானமாகத் தேடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஆம்னியில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.


ஆரணி ரோடு | திங்கள், இரவு 8.40

ஸ்பேனர் அண்ணன் சொன்ன பிறகு இன்ஜின் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. டீச்சரம்மா எழுதியதைப் படித்து எனக்கும் மனசு கலங்கியது. இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. ஒரு வண்டி நம் வீட்டுக்கு என்ன செய்தது என்பது ஒன்று, ஒரு ஊரின் மோட்டார் சரித்திரத்தில் அதன் இடம் என்ன என்பது வேறு. இரண்டாவதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பழைய ரேஸ் கார்களைப் பாதுகாத்து வைக்கிற வழக்கமே ரொம்பக் குறைவு. ஷெட்டில் இடமில்லையென்றால் ட்ராக் பக்கத்தில் இடம் இருக்கிற யாரிடமாவது கொடுக்கலாம். ஆனால் உடைக்கக்கூடாது.


கொடி பிடிப்பவன் | செவ்வாய், காலை 7.20

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் பல வருஷம் மார்ஷலாக, அதாவது ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டுகிறவனாக, நின்றிருக்கிறேன். ஃபார்முலா மாருதி ஓடுவதைக் கொடிக் கம்பத்தடியிலிருந்து பார்த்தவன். இந்த இழைக்கு நானும் கொஞ்சம் கடன்பட்டவன்.

அந்த வண்டியின் அழகே அதில் எதுவும் இல்லாததுதான். கதவு, கண்ணாடி, ஸ்டெப்னி, சவுண்ட் அடக்கும் தகடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இன்ஜினும் மனிதனும். 800-ன் சத்தம் என்றாலே நமக்கு வீட்டு வாசலில் கேட்கிற மெல்லிய முனகல்தான் ஞாபகம் வரும். அதே மூன்று சிலிண்டர் முழு த்ராட்டிலில் வளைவை விட்டு வெளியே வரும்போது போடுகிற சத்தம், காய்ந்த பனை ஓலையைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். பதினைந்து வண்டி ஒன்றாக வந்தால் முதுகில் மயிர்க்கூச்செறியும். எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணம் ஜெயிக்காது, கை ஜெயிக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த ரேஸ் காரில் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் பாதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூக்குப் பகுதியின் ஃபைபரைத் தவிர காலுக்கு முன்னால் பெரிதாக எதுவும் இருக்காது. பிறகு ஆம்னியில் உட்காருங்கள். முன் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பீர்கள், பானெட் கிடையாது, முட்டிக்கு முன்னால் ஒரு தகடு மட்டும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. புது விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பதால்தான் 2019-ல் ஆம்னியை நிறுத்தினார்கள். அதை வைத்துக்கொண்டால் ஊருக்குள் ஓட்டுங்கள். வாலாஜா டோல், பள்ளிகொண்டா டோல் தாண்டிக் குடும்பத்தோடு தூரம் போக வேறு வண்டி இருப்பது நல்லது. அந்த விஷயத்தில் உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படி வாங்கும் வண்டியில் ரேஸ் காரின் பங்கும் இருக்கும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். 1953-ல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தது. டிரம் பிரேக்காரர்கள் முன்கூட்டியே காலை எடுத்த இடத்தில் ஜாகுவார்காரர்கள் இன்னும் கொஞ்ச தூரம் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். இன்று எந்த ஏழு சீட் வண்டியின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் அந்தத் தட்டு தெரியும்.

இன்னொன்று: ரேஸ் காரின் பழைய சீட் பெல்ட்டை நம்பி யாரும் ஓட்ட வேண்டாம். துணி நாள்பட்டால் பலம் போய்விடும், பந்தயங்களில் அதற்குக் காலாவதித் தேதியே உண்டு. டயரும் அப்படித்தான். தெருவில் ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.


பாலாற்றங்கரை | செவ்வாய், காலை 9.10

மார்ஷல் ஐயா பதிவைப் படித்ததும் ரெனோ எஸ்பாஸ் நினைவுக்கு வந்தது. அதுவும் நம் ஆம்னி மாதிரி 1984-ல் வந்த குடும்ப வேன், பிரான்ஸில். அதன் பத்தாம் ஆண்டை ஒட்டி, வில்லியம்ஸ் அணியின் ஃபார்முலா ஒன் காரில் இருந்த 3.5 லிட்டர் வி10 இன்ஜினை அந்த வேனுக்குள் வைத்துக் காட்டினார்கள். 800 குதிரைத்திறனுக்குப் பக்கம். குடும்ப வேனுக்குள் ரேஸ் இன்ஜின். உலகமே அதைப் படம் எடுத்தது.

கரிவர்தன் செய்தது அதற்கு நேர் எதிர். குடும்ப வண்டியின் இன்ஜினை எடுத்து ரேஸ் காருக்குள் வைத்தார். எஸ்பாஸ் வெறும் காட்சி வண்டியாக நின்றுவிட்டது. இது ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கியது. எது பெரிய வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆர்சி பற்றி: 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022-ல் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. விண்டேஜ் பதிவு என்று மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும், அது உங்களுக்கு உதவாது. இந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


கொசப்பேட்டைக்காரன் | செவ்வாய், இரவு 10.30

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நேற்று ராத்திரி எல்லாப் பதிவையும் நைனாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை.

புகாட்டியின் கேபிள் பிரேக் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நாலு கேபிளும் ஒரே அளவு இழுக்கணும். ஒண்ணு தளர்ந்தா வண்டி அந்தப் பக்கம் இழுக்காது, எதிர்ப்பக்கம் ஓடும்" என்றார். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

வாலிப வயசில் வருஷா வருஷம் சோழவரத்துக்குப் போவாராம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது, அதில்தான் அப்போது ரேஸ். வேலூரிலிருந்து முதல் நாள் ராத்திரியே நாலைந்து பட்டறைப் பையன்கள் லோடு லாரியில் ஏறிப் போய், விடியும்போது வேலி ஓரத்தில் இடம் பிடிப்பார்களாம். சில வண்டிகள் கடந்து போனால் விளக்கெண்ணெய் வாசனை வரும் என்றார். எனக்குப் புரியவில்லை. ரேஸ் இன்ஜினுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த ஆயில் ஊற்றுவார்கள், சூட்டிலும் அது வழுவழுப்பை விடாது என்று விளக்கினார். "உங்க பாட்டி வயித்துக்குக் குடுத்த அதே எண்ணெய் அங்க நூத்தைம்பது மைல் வேகத்துல ஓடிச்சு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரேஸ் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிய பிறகு அவர் போனது இரண்டே முறை. பட்டறை, நாங்கள், கடன் என்று வருஷம் ஓடிவிட்டது. அந்த ஃபார்முலா மாருதியை ஏன் வாங்கினார் என்று பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

நேற்றுக் கேட்டேன். "ஆம்னி இன்ஜின்ல நூறு தடவை கை வெச்சிருக்கேன். அதே இன்ஜினை அங்க எப்படி ஓட வைக்கிறாங்கன்னு கழட்டிப் பாக்கணும்னு தோணுச்சு. வாங்கும்போதே இன்ஜின் இல்ல, அது வேற விஷயம்" என்றார்.

அதனால் இரண்டில் எதையும் விடப் போவதில்லை. இடம்தான் பிரச்சினை. இன்றைக்கு டேப் வைத்து அளந்தேன். ஷெட் நீளம் 22 அடி, அகலம் 9 அடி. ஆம்னி 11 அடி 1 அங்குலம். ரேஸ் கார் 12 அடி 3 அங்குலம். சேர்த்தால் 23 அடி 4 அங்குலம். ஒன்றேகால் அடிக்கு மேல் இடிக்கிறது. சுவரை இடித்து நீட்ட முடியாது, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் இடம்.


கொடி பிடிப்பவன் | புதன், காலை 6.15

தம்பி, மூக்கைக் கழற்றுங்கள்! ஒற்றை இருக்கை ரேஸ் காரில் முன் மூக்கு தனி ஃபைபர். இடித்தால் சட்டென்று மாற்ற வேண்டும் என்பதற்காகவே கழற்றும்படி வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் கிளிப்போ பின்னோ இருக்கும், தடவிப் பாருங்கள். மூக்கு போனால் நீளம் குறையும். சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள், தரையில் வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள்.


சத்துவாச்சாரி ஸ்பேனர் | புதன், காலை 8.30

அருமை. ரேஸ் காரை ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்கக்கூடாது. கியர்பாக்ஸ் வாயை நல்ல பாலிதீன் போட்டுக் கட்டுங்கள், எலி கூடு கட்டும். 800 இன்ஜின் ஒன்று என் கண்ணில் பட்டால் இங்கேயே எழுதுகிறேன்.


கொசப்பேட்டைக்காரன் | வியாழன், இரவு 9.05

மூக்கு வந்துவிட்டது. நாலு கிளிப், மூன்று கையாலேயே திரும்பின, நாலாவது துருப்பிடித்து நகரவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பப் போனேன். நைனா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கிளிப்பின் மேல் சுற்றிவிட்டு, போய்ச் சாப்பிடு என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவரே இரண்டு விரலால் திருப்பினார்.

மூக்கு மட்டும் சரியாக 2 அடி. ரேஸ் காரை உள்சுவரை ஒட்டி நிறுத்தி, ஆம்னியை ரிவர்ஸில் ஏற்றினோம். எட்டு அங்குலம் மிச்சம். சுவருக்கும் ஆம்னிக்கும் நடுவில் முன் கதவைக் கொஞ்சம்தான் திறக்க முடிகிறது, ஆனால் பின் கதவு தள்ளு கதவு என்பதால் முழுசாகத் திறக்கிறது. அந்த வழியாகவே ஏறி முன்னால் வந்துவிடலாம். டீச்சரம்மா, உங்கள் பதிவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்காரர் தனியாக ஏழு சீட் வண்டி பார்க்கிறார், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல். ஆரணி ரோடு அண்ணா, நீங்கள் வேலூர் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள், தார்ப்பாயை எடுத்துவிட்டோம், வண்டியைப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை ஆம்னியை ஆர்டிஓ ஆபீசுக்கு எடுத்துப் போகிறோம். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்ற வேண்டும். நாளைக் காலையில் வாங்கி வா, நான்தான் மாட்டுவேன் என்று நைனா சொல்லியிருக்கிறார்.